உள்ளூர்க்காரரைக் கேளுங்கள்: மாமல்லபுரம்

கே: காலையில் வந்து இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். ஊரை முழுசாகப் பார்த்துவிடலாமா? (காஞ்சிபுரம் வாசகர்)

ப: பல்லவர்களே முழுசாகச் செதுக்கி முடிக்காத ஊர் இது. நீங்கள் முழுசாகப் பார்க்காமல் போனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடற்கரைக் கோயிலுக்குக் காலை 6 மணிக்கே வந்துவிடுங்கள். பெரிய விமானத்தின் சந்நிதி கடலைப் பார்த்தது. இளவெயில் நேராக முகத்தில் விழும். 10 மணிக்கு மேல் வெயில் உறைக்கும்போது குன்றுக்குப் போய் குடைவரை மண்டபங்களின் நிழலில் ஒதுங்குங்கள். பொழுது சாயும் நேரம் ஐந்து ரதம். காலையில் வாங்கிய டிக்கெட்டே அங்கும் செல்லும். அதைக் கசக்கி எறிந்துவிட்டு, ரத வாசலில் சட்டைப்பையைத் துழாவும் அப்பாக்களைத் தினமும் பார்க்கிறோம்.

கே: கைடு வைத்துக்கொள்ளலாமா? (திண்டிவனம் வாசகி)

ப: வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே எந்த வேலை பாதியில் நிற்கிறது?" பதிலுக்குப் பாண்டவர் கதையை ஆரம்பித்தால் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள். அந்த ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விஷயம் தெரிந்தவர் என்றால் நேரே தர்மராஜ ரதத்தின் அடித்தளத்துக்குக் கூட்டிப்போவார். மேல்தளங்கள் இழைத்து இழைத்துச் செய்தவை. கீழ்த்தளம் கரடுமுரடாக அப்படியே நிற்கும். பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து இறங்கியவர்கள் அங்கே உளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குன்றுப் பக்கம் சில பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஆப்பு இறக்கிக் கல்லைப் பிளக்க வெட்டியவை. முடிந்த சிலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடலாம். முடியாத கல்லிடம்தான் தொழில் கற்றுக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

கே: பெரிய பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தபசா, பகீரதன் தவமா? (தாம்பரம் வாசகர்)

ப: அறிஞர்கள் இன்னும் வழக்கை முடிக்கவில்லை, நடுவில் நான் எதற்கு? வழக்கே இல்லாத ஒரு ஆளைக் காட்டுகிறேன். பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே பாருங்கள். மேலே தவம் செய்கிறவரைப் போலவே முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு பூனை. சுற்றிலும் எலிகள், பக்தியோடு! ஏழாம் நூற்றாண்டிலேயே போலிச்சாமியாரைக் கருங்கல்லில் போட்டு உடைத்திருக்கிறார்கள். அப்படியே பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்துக்குள் போய், பால் கறக்கும்போது கன்றை நக்கிக்கொடுக்கும் பசுவையும் பார்த்துவிடுங்கள்.

கே: வெண்ணெய் உருண்டைக் கல் என்றைக்காவது உருண்டுவிடுமா? (வேலூர் வாசகி)

ப: 1908இல் சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று ஊரில் சொல்வார்கள். உங்கள் மச்சான் முதுகைக் கொடுத்து போட்டோ எடுப்பதால் ஒன்றும் ஆகாது.

கே: கடலுக்குள் ஆறு கோயில் மூழ்கிக் கிடப்பதாகச் சொல்கிறார்களே? (பாண்டிச்சேரி வாசகர்)

ப: ஏழில் ஒன்றுதான் கரையில் மிஞ்சியது என்கிற ஏழு கோபுரக் கதை வெள்ளைக்கார மாலுமிகள் காலத்திலிருந்தே ஓடுகிறது. 2002இல் முக்குளித்துத் தேடியவர்கள் கட்டுமான எச்சங்கள் தென்பட்டதாகச் சொன்னார்கள். ஆறா, ஏழா என்று எண்ணிச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் கடல் நிஜமாகவே ஒரு கோயிலைக் கொடுத்திருக்கிறது, அதுவும் கரையில். 2004 டிசம்பர் சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனதில் சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுப் பாறை வெளியே தெரிந்தது. தொல்லியல் துறை தோண்டியபோது முருகன் கோயில் கிடைத்தது. மேலே பல்லவர் காலக் கட்டுமானம், அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில், வாசலில் கல்லால் ஆன வேல். பக்கத்துப் புலிக்குகைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் அங்கே செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் நாலு எட்டு வடக்கே வையுங்களேன்!

கே: கூட்டமில்லாத இடம் ஒன்று சொல்லுங்கள். (அச்சிறுப்பாக்கம் வாசகர்)

ப: சொன்னால் கூட்டம் வந்துவிடும். இருந்தாலும் சொல்கிறேன்: கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரர் கோட்டை. உள்ளே பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்லறைகள். பலகைக்கல்லில் டச்சு எழுத்தை எவ்வளவு நுணுக்கமாக வெட்டியிருக்கிறார்கள் என்று குனிந்து பாருங்கள். துணி வியாபாரத்துக்கு வந்து இங்கேயே படுத்துவிட்டவர்கள்.

கே: செங்கல்பட்டிலிருந்து வருகிறோம். வழியில் திருக்கழுக்குன்றத்தில் கழுகைப் பார்க்கலாமா? (செங்கல்பட்டு வாசகி)

ப: மலை இருக்கிறது, வேதகிரீஸ்வரர் இருக்கிறார், படிகள் உங்கள் முழங்காலுக்காகக் காத்திருக்கின்றன. உச்சிவேளையில் பொங்கல் சாப்பிட வந்த பறவைகள்தான் 1998க்குப் பிறகு வரவில்லை. மஞ்சள்முகப் பாறுகள் அவை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறுகளை நாடு முழுக்கக் கொன்றது; 2006இல்தான் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். கலியுகம் முற்றிவிட்டது, அதனால் வரவில்லை என்று மலையடிவாரத்தில் யாராவது சொன்னால், மருந்துச்சீட்டைக் காட்டுங்கள்.

கே: கற்சிலை வாங்கினால் ஏமாற்றிவிடுவார்களா? (சேலம் வாசகர்)

ப: விலையைக் கேட்பதற்கு முன் கல்லைக் கேளுங்கள். மாக்கல்லா, கருங்கல்லா? மாக்கல் மெத்தென்றது, சீக்கிரம் செதுக்கலாம், விலையும் இறங்கும். கருங்கல் சிலைக்கு நாள் கணக்கில் கை வலித்திருக்கும். அங்கே போய் "பாதி விலைக்குக் கொடப்பா" என்று ஆரம்பிக்காதீர்கள். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது.

கே: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் கடைசியாகக் கடற்கரைக் கோயிலுக்குள் போனது எப்போது? (சென்னை வாசகி)

ப: சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் கடைசியாக வந்தபோது. டிக்கெட்டும் அவர்கள்தான் எடுத்தார்கள்.