சொல்லிவெச்சிருக்கேன் மாமா

"சொல்லிவெச்சிருக்கேன் மாப்ள, கவலையே படாத."

மாரண்டஹள்ளி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொல்பவர் எங்களுக்கு மாமா. உங்கள் ஊரில் அவர் சித்தப்பாவாகவோ, அப்பாவின் பழைய சிநேகிதராகவோ இருப்பார். எந்த வழியில் மாமா என்று கேட்காதீர்கள். என் அம்மாவே பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துவைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் எனக்கு வேலை போன விஷயம் அம்மாவுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

சொல்லிவைப்பதை மாமா தனியாகச் செய்யமாட்டார். பெஞ்சில் நாலு பேராவது இருக்க வேண்டும். கார்த்திகையில் மாட்டிய குரங்குக் குல்லாவை மாசி பிறந்தும் அவர் கழற்றவில்லை. "சிவராத்திரி வரட்டும், பனி சிவசிவான்னு போயிரும், அப்பக் கழட்டுறேன்" என்பார். போனை அந்தக் குல்லாவுக்குள் காதோடு சேர்த்துச் செருகிக்கொள்வார். ஒரு கையில் டீ கிளாஸ். இன்னொரு கை என் தோளில் இருக்கும், நான் நழுவிவிடாமல்.

"அண்ணே, நாந்தாண்ணே, மாரண்டஹள்ளி. நல்லா இருக்கீங்களா? தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான்..."

அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தால் நான் சொந்தக்காரப் பையன் ஆகிவிடுவேன். இன்னும் இழுத்தால் கூடப்பொறந்த அக்கா மவன். ஒரு நாள் அந்தப் பக்கம் இருந்தவர் ரொம்பப் பிடிவாதக்காரர் போலிருக்கிறது, பேச்சு முடிவதற்குள் நான் மாமாவின் மருமகனாகவே ஆகிவிட்டேன். மாமாவுக்குப் பெண் பிள்ளையே கிடையாது.

என் படிப்பும் கேட்கிற ஆளைப் பொறுத்து மாறும். நான் படித்தது பி.இ. மெக்கானிக்கல். கம்பெனி ஆளிடம் அது டிப்ளமோ. "பி.இ.ன்னா சம்பளம் ஜாஸ்தி கேப்பான்னு பயந்துக்குவாங்க மாப்ள." பேங்க் ஆளிடம் கம்ப்யூட்டர். பஞ்சப்பள்ளி டேமில் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டபோது நான் பத்தாவது ஃபெயில். ஒரு தனியார் பள்ளிக்கூடத்துத் தாளாளரிடம் மட்டும் பி.இ. என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர் காதில் அது பி.எட். என்று விழுந்து, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் கிடைத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டாராம். என்னை எதிர்பார்த்துக் காத்திருந்தவர் இதுவரை அவர் ஒருவர்தான். மற்ற இடங்களிலெல்லாம் காத்திருப்பது நான்.

பேசி முடித்ததும் குல்லாவிலிருந்து போனை உருவி, பெஞ்சு முழுவதையும் ஒரு முறை பார்ப்பார். "பயோடேட்டா குடுத்தனுப்பச் சொல்லிட்டாப்ல." வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆகாது, காகிதமாகக் கையில் கொடுக்க வேண்டும். போன தடவை கொடுத்ததைக் கேட்டால், "அது வேற ஆளுக்கு, இது வேற ஆளுக்கு" என்பார். அந்த வேறு ஆளுக்குப் போக வேண்டியதை அவர் சட்டைப்பையில் நானே பார்த்தேன். பின்பக்கத்தில் தேங்காய் லோடு கணக்கு எழுதியிருந்தது. என் பெயர் இருந்த பக்கத்தில் டீ வட்டம்.

மாமாவை முழுப் புளுகர் என்று தள்ளிவிட முடியாது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று 1980களில் ஓசூர் சிப்காட் நிரம்பியபோது, ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஒரு பையனை மாமா சொல்லி ஒரு கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்கள். இது ஊருக்கே தெரிந்த உண்மை. அந்தப் பையன் இப்போது ரிட்டையராகி, பொங்கல் தவறாமல் ஒரு கட்டுக் கரும்போடு மாமா வீட்டுக்கு வந்து நிற்கிறார். அந்தக் கரும்பைப் பார்க்கும்போதெல்லாம் மாமாவுக்கு நம்பிக்கை புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. கம்பெனி வாசலில் இப்போது ஆள் எடுப்பது கான்ட்ராக்ட் ஏஜென்சி, விண்ணப்பம் போடுவது இணையத்தில், அவர் போன் போடும் அண்ணன்களில் பாதிப் பேர் பேரன் பேத்தியோடு வீட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு உறைப்பதில்லை.

பலிக்காததற்கு அவரிடம் ஒரு காரணம் உண்டு. 2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். ஓசூர் அந்தப் பக்கம் போய்விட்டது, மாரண்டஹள்ளி தர்மபுரியிலேயே நின்றுவிட்டது. "ஒரே மாவட்டமா இருந்திருந்தா, உன்னக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி மிஷின் முன்னாடியே நிறுத்தியிருப்பேன்." மாவட்டம் பிரிந்தபோது நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். அன்றைக்கே என் வேலை போய்விட்டது என்று இப்போதுதான் தெரிகிறது.

அரசாங்க வேலையையும் அவர் விட்டுவைக்கவில்லை. 2025 குரூப் 4 அறிவிப்பில் 3,935 இடம், எழுதியவர்கள் 10 லட்சத்தைத் தாண்டும் என்று சொன்னேன். "3,935-ல நமக்கு ஒண்ணு போதாதா? சென்னையில நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு" என்றார். எதிர்வீட்டுப் பெண் நூலகத்திலேயே குடியிருந்து படித்து ஒரு தேர்வில் தேறியபோதும், "முந்தாநேத்துதான் சொல்லிவெச்சேன், பாரு" என்று வாழ்த்தப் போன இடத்தில் சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பெண்ணின் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவரைவிட அரசாங்கம் எவ்வளவோ மேல். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, ஐந்து வருஷம் வேலை இல்லாமல் இருந்துகாட்டினால், கலை, அறிவியல் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. தொகை சின்னதுதான், ஆனால் எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு விதத்தில் எங்கள் மாவட்டமே சொல்லிவைத்துக் காத்திருக்கும் மாவட்டம்தான். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு வெள்ளைக்காரன் விட்ட சின்ன ரயில் 1941-இல் நின்றுபோனது. அந்தப் பாதையை மறுபடி போட அடிக்கல் நட்டது 2019-இல். நடுவில் எத்தனை பேர் எத்தனை பேரிடம் சொல்லிவைத்திருப்பார்கள்! அந்தக் கணக்கில் மாமா சுறுசுறுப்பானவர் என்றுகூடச் சொல்லலாம்.

அவர் மேல் பிரியமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் "ஏன் வேலைய விட்ட?" என்று கேட்கிறார்கள், "நீயா விட்டியா, அவங்களா அனுப்புனாங்களா?" என்று தோண்டுகிறார்கள். மாமா மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. டீக்காசையும் என்னைக் கொடுக்கவிடமாட்டார்.

ஆனால் ஒரு விஷயத்தை என்னால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. அவர் சொல்லிவைத்ததை நான் நம்பவில்லை, என் அப்பா நம்புகிறார். ஓசூரில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு என்று தெரிந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினேன். "அவரு சொல்லிவெச்சிருக்கும்போது நீ பாட்டுக்குப் போயி நின்னா, அவரு மரியாதை என்னாகிறது? இந்த வாரம் கூப்பிடுவாங்கன்னாரே" என்று அப்பா தடுத்துவிட்டார். அந்த வாரம் யாரும் கூப்பிடவில்லை. திண்ணையில் அம்மாவோடு உட்கார்ந்து, உலுக்கிக் கொண்டுவந்த புளியை ஓடு தட்டிக் கொட்டை எடுத்தேன். அதற்கு மட்டும் யாரும் பயோடேட்டா கேட்கவில்லை. அந்தக் கம்பெனியில் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள்.

மாமா, உங்களிடம் நான் வேலை கேட்கவில்லை. "நம்மால ஆகாதுப்பா, நீயே போய்ப் பாரு" என்று ஒரு தடவை, என் அப்பா இருக்கும்போது, அதே பெஞ்சில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும். உங்கள் மரியாதை ஒரு துளி குறைந்திருக்காது. நான் காலை ரயிலைப் பிடித்து ராயக்கோட்டை, கெலமங்கலம் தாண்டிப் போயிருப்பேன். வேலை கிடைத்திருக்குமோ என்னவோ, வாசல்வரையாவது போயிருப்பேன்.

திங்கட்கிழமை மறுபடி ஓசூருக்குக் கிளம்புகிறேன். கிடைத்தால் முதல் ஸ்வீட் பாக்ஸ் மாமாவுக்குத்தான். தான் சொல்லிவைத்துத்தான் கிடைத்தது என்று பெஞ்சு முழுக்கச் சொல்லிக்கொள்ளட்டும், நானும் தலையாட்டுவேன். அதுவரைக்கும், மாரண்டஹள்ளிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: திங்கட்கிழமை விஷயத்தைத் தயவுசெய்து அவரிடம் சொல்லிவைக்காதீர்கள்.