அப்ளிகேஷன் அப்பா

அகவிலைப்படி உயர்ந்ததற்காக முகம் வாடிப்போகும் மத்திய அரசு ஊழியரைப் பார்த்திருக்கிறீர்களா? செகந்திராபாத் பக்கம் வாருங்கள், காட்டுகிறேன். சிலக்கல்குடா, மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ், பத்மாராவ் நகர்ச் சந்துகள் என்று தெருவுக்கு ஒருவராவது தேறுவார். தமிழர். தென் மத்திய ரயில்வேயில் குமாஸ்தா. வீட்டில் இன்டர் இரண்டாம் வருஷம் (நம் பிளஸ் டூ), எம்.பி.சி. (கணக்கு, பௌதிகம், ரசாயனம்) படிக்கிற பெண். அம்மா அப்பா வைத்த பெயர் என்னவோ இருக்கட்டும், காலனியில் அவருக்குப் பெயர் அப்ளிகேஷன் அப்பா.

2024 ஜனவரியிலிருந்து டி.ஏ. 46 சதவீதம் போய் 50 ஆனபோது ‘ரயில் நிலயம்’ என்கிற தலைமையகத்தில் எல்லோரும் ஆளுக்கொரு சமோசா வாங்கிச் சாப்பிட்டார்கள். இவர் மட்டும் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று முறை தட்டினார். மூன்று முறையும் ஆண்டு வருமானம் எட்டு லட்சத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தது. ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை பெண் பிள்ளைகளுக்கு வருஷம் 50,000 ரூபாய் தருகிறது. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. “நாலு பர்சென்ட் குடுத்து அம்பதாயிரத்தைப் புடுங்கிட்டானுங்க” என்றார். சமோசாவைத் தொடவில்லை. தசரா வந்தால் ரயில்வேயில் 78 நாள் போனஸ் போடுவார்களே, அதுவும் வருமானத்தில்தானே சேரும்? அந்த வருஷம் போனஸ் வந்த குறுஞ்செய்தியைத் துக்கச் சேதி போலத்தான் மனைவியிடம் காட்டினார்.

அடி அதோடு நிற்கவில்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசு பெரிய கம்பெனிகளில் ஓராண்டு இன்டர்ன்ஷிப் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 21 முதல் 24 வயதுக்காரர்களுக்கு மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒரே தடவையாக 6,000. மூத்த பையனுக்கு வயது சரியாக இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து விதிமுறை முழுவதையும் படித்தார். பெற்றோரில் யாராவது நிரந்தர அரசு ஊழியராக இருந்தால் கிடையாது என்று ஒரு வரி இருந்தது. விடிகாலை நாலு மணிக்கு மனைவியை எழுப்பி, “நான் மட்டும் பிரைவேட்ல இருந்திருந்தா…” என்று ஆரம்பித்திருக்கிறார். “படுங்க” என்றார் அந்த அம்மாள்.

தகுதி இல்லாத இடத்தில்தான் இவருக்கு உற்சாகம் பிறக்கும். தகுதி இருந்து கிடைப்பதில் என்ன சுவை? மகள் ஒரு தேர்வு எழுதி மார்க் வாங்கினால் நேராகக் கிடைக்கிற மெரிட் உதவித்தொகை என்றால், “அதுக்கு ஃபார்மே கெடையாதாம்” என்று அலுத்துக்கொள்வார்.

ஃபைலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூலையில் துளையிட்டு டேக் கோத்த ஆபீஸ் ஃபைல். இடது பக்கம் நோட் ஷீட், வலது பக்கம் கடிதப் போக்குவரத்து. ஒவ்வொரு தாளுக்கும் சிவப்பு மையில் பக்க எண். நோட் ஷீட்டின் முதல் பாராவில், ‘குமாரியின் உயர்கல்வி தொடர்பாக, தொழிற்சாலைப் பயிற்சியுடன் கூடிய உதவித்தொகைத் திட்டங்கள் பரிசீலிக்கப்படுகின்றன’ என்று இருக்கும். கீழே தேதியோடு அவர் கையெழுத்து. அதற்குக் கீழே ‘பார்த்தேன்’ என்று மனைவியின் கையெழுத்து. மனைவி பார்க்கவே இல்லை, மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது பேனாவை நீட்டியிருக்கிறார். சான்றிதழ் நகலில் விண்ணப்பதாரரே கையெழுத்துப் போட்டால் போதும் என்று அரசு சொல்லி எத்தனையோ வருஷமாகிறது. இவருக்கு மனசு ஒப்பாது. பச்சை மையில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து இல்லாத ஜெராக்ஸை அவர் காகிதமாகவே மதிப்பதில்லை.

வேலைப் பயிற்சியோடு சேர்ந்த படிப்பு என்றால் மட்டும் ஏன் இத்தனை மோகம் என்று கேட்டுவிடாதீர்கள். நான் மோண்டா மார்க்கெட்டில், கத்தரிக்காய்க் கூடைக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டேன். “1906லயே அமெரிக்காவுல, சின்சினாட்டி யூனிவர்சிட்டியில ஹெர்மன் ஷ்னைடர்னு ஒரு புரொபசர் ஆரம்பிச்சது சார். ஒரு வாரம் கிளாஸ், ஒரு வாரம் ஃபாக்டரி. நம்ம பிட்ஸ் பிலானியில 1973லேருந்து பிராக்டிஸ் ஸ்கூல். ரெண்டாவது வருஷம் முடிஞ்சதும் ரெண்டு மாசம், கடைசி வருஷத்துல அஞ்சரை மாசம், கம்பெனியிலேயே போய் உக்காரணும். இதோ நம்ம ஷாமிர்பேட்டை கிட்ட 2008ல கேம்பஸ் வந்தாச்சு. பஸ்ல போய்ட்டு வந்துடலாம்.” காய்க்காரம்மா, “அண்ணா, அரை கிலோவா, ஒரு கிலோவா?” என்று தெலுங்கில் கேட்டார். அவரிடமும் பெண் என்ன படிக்கிறாள் என்று விசாரித்துவிட்டுத்தான் இவர் பையை நீட்டினார்.

சிட்னியில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை, அங்கே நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கோ-ஆப் என்று ஒன்று உண்டு, உதவித்தொகையும் கொடுத்துக் கம்பெனிகளுக்கும் அனுப்புவார்கள் என்று போனில் சொல்லிவிட்டார். அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும்தான் என்றும் சேர்த்தே சொன்னார். முதல் பாதியைத்தான் இவர் நோட் ஷீட்டில் ஏற்றினார்.

இன்ஸ்பயர் என்று மத்திய அரசின் உதவித்தொகை ஒன்று, அதில் வருமான வரம்பு கிடையாது. ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடையில் ஒரு விஞ்ஞானியின் கீழ் ஆய்வு செய்வதற்கு. பன்னிரண்டாம் வகுப்பில் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிக்க வேண்டும். “எட்டு லட்சம்ங்கிற பேச்சே இல்ல!” என்று துள்ளினார். “அப்பா, எனக்குக் கெமிஸ்ட்ரின்னாலே தூக்கம் வருது” என்றாள் பெண். “தூங்கினாலும் எண்பதாயிரம்மா” என்றார்.

இந்த ஊருக்கு உதவித்தொகை புதிதில்லை. சரோஜினி நாயுடுவை 1895இல் நிஜாம் தம் செலவில் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார். அவருடைய தந்தை அகோரநாத் சட்டோபாத்யாயர் நிஜாம் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவர் எங்கேயும் வருமானச் சான்றிதழுக்கு வரிசையில் நின்றதாக நான் படித்ததில்லை. தமிழருக்கும் இந்தக் கல்விப் பித்து இங்கே பழையதுதான். மெட்ராஸ் படையோடு கான்டிராக்டர்களாக வந்த முதலியார்களின் வழியில் வந்த சோமசுந்தரம் முதலியார் 1862இல் தொடங்கிய பள்ளிதான் பின்னால் மஹபூப் கல்லூரியானது. விவேகானந்தர் சிகாகோ போவதற்கு முன், 1893 பிப்ரவரியில், அங்கேதான் பேசினார். அப்ளிகேஷன் அப்பா அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வார். விவேகானந்தரும் வெளிநாடு போக ஸ்பான்சர் தேடியவர்தானே என்பது அவர் வாதம்.

அவர் பட்ட பாடுகளில் பெரும்பாடு இனிஷியல். தெலுங்குக்காரர்களுக்கு வீட்டுப் பெயர் முன்னாலேயே வந்துவிடும், தொல்லையில்லை. நமக்கோ ஒற்றை எழுத்தும் ஒரு புள்ளியும். ஃபார்மில் ‘சர்நேம்’ என்று போட்டுச் சிவப்பு நட்சத்திரமும் குத்தியிருப்பான், நிரப்பாமல் நகர விடமாட்டான். பத்தாவது மார்க் மெமோவில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக முன்னால் நிற்கிறது. ஆதாரில் அது பின்னால் போய்விட்டது. பேங்க் பாஸ்புக்கில் எழுத்து இருக்கிறது, புள்ளி இல்லை. கம்ப்யூட்டர் கண்ணுக்கு ஒரே பெண் மூன்று பெண்கள். உதவித்தொகையோ ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் வரும். கடைசியில் சர்நேம் கட்டத்தில் தன் பெயரையே போட்டுவிட்டார். அதிலிருந்து கல்லூரிகளிலிருந்து வரும் மெயிலெல்லாம் ‘டியர்’ என்று போட்டு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தன. ‘உங்கள் எதிர்காலம் இங்கே தொடங்குகிறது’ என்று ஐம்பத்து மூன்று வயதுக்காரரிடம் சொன்னால் யாருக்குத்தான் குளிராது? ஒவ்வொன்றுக்கும் நன்றி தெரிவித்துப் பதில் போட்டார்.

கம்பெனி அறக்கட்டளை ஒன்றின் விண்ணப்பத்தில் கட்டுரைக் கேள்விகள் இருந்தன. மகள் எழுதி வைத்திருந்ததை, ‘டிராஃப்ட் சுமார்’ என்று ஒதுக்கிவிட்டு இவரே உட்கார்ந்தார். அவர் எழுதிய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால், ‘மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்’ என்று தொடங்கியது. ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்ற கேள்விக்கு, ‘அது மாறுதல் உத்தரவைப் பொறுத்தது’ என்று எழுதியிருந்தார். வாழ்க்கையில் நீங்கள் சந்தித்த தோல்வி எது, அதிலிருந்து என்ன கற்றீர்கள் என்று கேட்டிருந்தார்கள். இந்த இடத்தில் மனிதர் உருகிவிட்டார். டிபார்ட்மென்டல் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டதை ஒன்றரைப் பக்கம் எழுதினார். பதினேழு வயதுப் பெண் எந்த டிபார்ட்மென்டில் எந்தப் பரீட்சையில் தோற்றாள் என்று அறக்கட்டளைக்காரர்கள் எவ்வளவு நேரம் யோசித்தார்களோ தெரியாது. நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீடியோ நேர்காணல். லேப்டாப்பை டைனிங் டேபிளில் வைத்து, பின்னால் சரஸ்வதி காலண்டரை மாட்டி, மிக்சியை அன்றைக்கு ஒரு நாள் தடை செய்து, எல்லாம் பக்காவாக ஏற்பாடு. இவர் மட்டும் லேப்டாப்புக்குப் பின்னால், ஃப்ரிட்ஜை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டார். கையில் சார்ட் பேப்பர். ‘டீம் ஒர்க்’, ‘லீடர்ஷிப்’, ‘சிரி’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஏன் தொழிற்சாலை அனுபவம் வேண்டும் என்று அவர்கள் கேட்க, பெண்ணின் கண் கீழே போக, மேலே வர, மறுபடியும் கீழே போக, “ரூமில் யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டார் எதிர்முனைக்காரர். பெண் அலட்டிக்கொள்ளவே இல்லை.

“ஆமாம் சார், அப்பா இருக்கார். அப்ளிகேஷன் அவரோடதுதான். இன்டர்வியூதான் என்னோடது.”

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. இந்தப் பக்கம் சார்ட் பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. மேலே தெரிந்துகொண்டிருந்தது ‘சிரி’. அதற்குப் பிறகு அவள் அவளாகவே பேசினாள். லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதைச் சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பார்த்தது, அன்றைக்கு ஒரு போகியை அப்படியே கிரேனில் தூக்கியது, அதைக் கணக்குப் போட்டுத்தான் தூக்குகிறார்கள் என்று தெரிந்தபோது வந்த ஆச்சரியம். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு இதெல்லாம் புதுச் செய்தி. நோட் ஷீட்டில் இது எங்கேயும் இல்லை.

உதவித்தொகை கிடைத்தது. அவர் ஒரு வாரம் காலனியில் தரையில் கால் படாமல் நடந்தார். ஆனால் அடுத்த வாரமே சோர்வு தட்டிவிட்டது. நிரப்ப ஃபார்ம் இல்லை. ரிமைண்டர் போட ஆள் இல்லை. பெண் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். தேசிய உதவித்தொகை போர்ட்டலில் பதிவதற்கு இப்போதெல்லாம் மாணவர்தான் போனில் முகத்தைக் காட்ட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் மகளுக்குப் பதிலாகச் செய்ய முடிந்த இவருக்கு அந்த முகம் மட்டும் வாய்க்கவில்லை. ஆகவே இப்போது அக்கம்பக்கத்து முகங்களைத் தேடிப் பிடிக்கிறார். வருமானச் சான்றிதழுக்கு மீசேவா மையத்துக்கு யார் போனாலும் கூடப் போகிறார். போய்ப் போய், கவுன்டர் பையன், “அங்கிள், ரெண்டு நிமிஷம் பாத்துக்கோங்க, சாய் குடிச்சிட்டு வரேன்” என்று நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போகிற அளவுக்கு ஆகிவிட்டது. சர்வர் டவுன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், பையனைவிட நயமாக, ஒரு ‘தயவுசெய்து’ சேர்த்துச் சொல்கிறாராம். அந்தக் குடும்பத்தில் முதலில் தொழிற்பயிற்சி முடித்தவர் அவர்தான். ஸ்டைபெண்ட் ஒரு கிளாஸ் இரானி சாய்.

ஸ்கந்தகிரி கோயில் பிரகாரத்தில் கையில் டேக் போட்ட ஃபைலோடு ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து நடந்து, “பையன் இன்டரா? எவ்வளவு பர்சன்டேஜ்?” என்று கேட்டால், முருகனைப் பார்த்தபடி நடையை எட்டிப் போடுங்கள். நின்று பதில் சொன்னால் ஒரு வருஷம் போய்விடும். ஆனால் ஆதாரில் பெயர் ஒரு மாதிரியும் மார்க் மெமோவில் வேறு மாதிரியும் இருந்து, கடைசித் தேதியும் நெருங்கி, எங்கே போய் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறவரா நீங்கள்? நில்லுங்கள். செகந்திராபாத்தில் அவரைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். புள்ளி எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.