லீக்ஸ் மாஸ்டர்

கண்டிக்குப் பனிக்காலம் ஏது என்று கேட்பவர்கள், மார்கழி பிறந்ததும் மத்திய சந்தைக்குப் போய் நிற்க வேண்டும். காதை மூடிய கம்பளித் தொப்பியும் கையில் இரண்டு பையுமாக ஒருவர் வருவார். அவர்தான் லீக்ஸ் மாஸ்டர். புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவராக இருக்கலாம். கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவராகவும் இருக்கலாம். கட்டுக்கலை, அம்பிட்டிய, கட்டுகஸ்தோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் லேனுக்கு ஒருவர் உண்டு.

மற்றவர்கள் மரக்கறி வாங்குவார்கள். மாஸ்டர் விசாரணை நடத்துவார்.

"நானா, இது நுவரெலியா லீக்ஸா, வெலிமடையா?"

"லொறியில வந்திச்சு மாஸ்டர். அடையாள அட்டை கேக்கல்ல."

மாஸ்டர் அசரமாட்டார். நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். அதற்குக் கீழே விளைந்த எதுவும் அவருக்குக் கரட் அல்ல. குளிர் பட்டால்தான் கிழங்கில் இனிப்பு ஏறும் என்பார். அது உண்மைதான். அங்கேயே நிறுத்தினால் நல்லது. ஆனால் 1848இல் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை போட்ட சாமுவேல் பேக்கரை இழுத்து வந்து, கூடப் படித்தவர் போலப் பேசத் தொடங்கிவிடுவார். அந்தப் பேக்கர் பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆபிரிக்கா போனார். மாஸ்டர் கண்டிச் சந்தையில் ஒரு கட்டு லீக்ஸின் மூலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். பின்னால் நிற்கும் வரிசைக்குத்தான் பொறுமை தேவை.

சமையல் விஷயத்தில் மட்டும் அவரை லேசில் தட்டிவிட முடியாது. லீக்ஸை நீளவாக்கில் பிளந்து, அடுக்கு அடுக்காக விரித்துக் கழுவ வேண்டும். மண் ஒளிந்திருப்பது அங்கேதான். பச்சை இலையை வெட்டி எறிகிறவன் பாவி. வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலையோடு தாளித்து, வாடியும் வாடாமலும் இறக்க வேண்டும். திருவெம்பாவை நாட்களில் மாசிக் கருவாடு சேர்க்கமாட்டார். மார்கழியில் மாசி வரலாமா என்பது அவருடைய பகிடி. வருடா வருடம் சிரித்துத்தான் ஆகவேண்டும். கரட்டின் சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், ஆகவே தேங்காய்ப்பூப் போட்ட சம்பலோ பால்கறியோதான் சரி என்பார். பீட்ரூட் இலையையும் நோக்கோல் இலையையும் வறையாக்கச் சொல்வார். எல்லாம் சரி. ஆனால் இவ்வளவும் சொல்கிறவர் இன்றுவரை அடுப்புப் பற்றவைத்ததில்லை. கத்தியும் கரண்டியும் மனைவி டீச்சரிடம். விரிவுரை மாத்திரம் மாஸ்டரிடம்.

2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபாவைத் தொட்டபோது ஊரே அலறியது. மாஸ்டர் மட்டும் தன் மாணவன் அமைச்சராகிவிட்டதுபோல நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தார். வாங்கியது என்னவோ இருநூறு கிராம்தான்.

சந்தையில் நம்பிக்கை முற்றாக விட்டுப்போகும் நாளில் காரை எடுத்துவிடுவார். கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று மலையேற வேண்டும்; போக மட்டும் எழுபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல். வீதியோரக் கடைகளில் இலையும் மண்ணுமாகக் கட்டி வைத்த கரட், லீக்ஸ், முள்ளங்கி எல்லாம் டிக்கி நிறைய ஏறும். அவர் மேலே போகும்போது எதிரே இறங்கிய லொறிகளில் கண்டிக்கு வந்ததும் அதே மலையின் மரக்கறிதான். பெற்றோல் செலவையும் கூட்டிப் பார்க்கச் சொன்னால், "சுகம் என்ன, விலை பேசி வாங்குற சாமானா தம்பி?" என்பார்.

திரும்பிய அன்று லேனில் ஹோர்ன் கேட்டதும் கேற்றுகள் சாத்தப்படும். பயனில்லை. வீட்டுக்கு ஒரு கோவா வந்தே தீரும். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் எத்தனை நாளைக்குத்தான் கோவா வறை தின்பது? முதல் வீட்டார் அதை அடுத்த வீட்டுக்குத் தள்ளுவார்கள். அவர்கள் வாடிய மேலிலை இரண்டை உரித்துவிட்டு எதிர் வீட்டுக்கு அனுப்புவார்கள். போனமுறை அப்படிச் சுற்றிய ஒரு கோவா, பாதியாகச் சுருங்கி, லேனுக்குப் புதிதாகக் குடிவந்த வீட்டை அடைந்தது. விபரம் அறியாத அந்த வீட்டுப் பிள்ளை, பெரியவர் வீடாயிற்றே என்று மரியாதையாகக் கொண்டுபோய் மாஸ்டரிடமே நீட்டியது.

மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். தட்டிப் பார்த்தார், முகர்ந்தார், அடித்தண்டை நகத்தால் கீறினார்.

"சந்தையில வாங்கினதுதானே மகள்? பார்த்தவுடனே தெரியுது. நல்ல கோவா வேணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"