ராஜாக்களே சுருக்கிக் கொடுத்த ஊர்

மதுரையை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா என்று கேட்டால் விஷயம் தெரிந்தவர்கள் பதறிப்போய், "குறைந்தது மூன்று நாளாவது வேண்டாமா?" என்கிறார்கள். சங்கரன்கோவில்காரர்களின் கணக்கு வேறு. காலையில் பஸ் ஏறினால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று போய்ச் சேர ஏறத்தாழ மூன்று மணி நேரம்; திரும்பி வர இன்னொரு மூன்று. நடுவில் கிடைப்பதுதான் மதுரை. அதிலும் பாதியைக் கண் ஆஸ்பத்திரியோ, ஹைகோர்ட் கிளையோ, கல்யாணப் பட்டோ எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பாண்டியர்களும் நாயக்கர்களும் நெருக்கி உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். ஒரு நாள் போதும் என்று சொல்ல எங்கள் ஊருக்குப் பரம்பரை உரிமையே உண்டு. சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் மல்லுக்கு நிற்க, கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவமிருந்து சிவனையும் பெருமாளையும் ஒரே திருமேனியாக வரவழைத்த தலம் இது. வலப்பாதி சங்கரன், இடப்பாதி நாராயணன். இரண்டு கோயில் ஏறி இறங்க வேண்டியதை ஒரே சன்னிதியில் முடித்துக்கொண்டு வெளியே வருகிறவர்களிடம் போய், ஒரு ஊருக்கு ஒரு நாள் போதாது என்று சொன்னால் எடுபடுமா?

என் கட்சி இதுதான்: மதுரையைச் சுருக்கியவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல, ஆண்டவர்களேதான். திருமலை நாயக்கர் மஹாலை எடுத்துக்கொள்வோம். 1636-இல் எழும்பிய அரண்மனை. அவர் கட்டியபடியே நின்றிருந்தால் அதற்கே ஒரு நாள் போயிருக்கும், மறுக்கவில்லை. நிற்பது ஏறத்தாழ கால் பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதியைப் பேரன் சொக்கநாத நாயக்கர், தலைநகரத்தோடு சேர்த்துத் திருச்சிக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார் என்கிறார்கள். தாத்தா வீட்டு நிலைக்கதவைப் பிடுங்கிப்போகும் பேரன்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. இவர் கொஞ்சம் பெரிய அளவில் செய்தார், அவ்வளவுதான். 1866-இல் சென்னை கவர்னராக வந்த நேப்பியர் பிரபு மட்டும் பழுது பார்க்காமல் விட்டிருந்தால், பார்வை நேரம் இன்னும் குறைந்திருக்கும். மீனாட்சி கோயில் எதிரே, புது மண்டபத்துக்குக் கிழக்கே ராயகோபுரம் இருக்கிறது. அதாவது, அடிப்பகுதி இருக்கிறது. முடித்திருந்தால் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்திருக்கும். கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985. மீதிப் பதினைந்தை யாரோ நம் அவசரம் தெரிந்து முன்கூட்டியே கழித்துவிட்டார்கள். ஊரைச் சுற்றியிருந்த கோட்டையை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து, அகழியைத் தூர்த்துத் தெருவாக்கினார். அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றைக்கும் இருக்கின்றன. கோட்டையைக் கட்டிய கொத்தனார் பெயரில் ஒரு சந்துகூட இல்லை.

சுருக்கியது போக, கட்டுக்கட்டாகச் சேர்த்தும் வைத்தார்கள். மஹாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த குழிதான் வண்டியூர் தெப்பக்குளமாக ஆனது என்பது ஊர் வழக்கு. அந்தக் குழியில் அகப்பட்ட பிள்ளையார்தான் மீனாட்சி கோயிலில் முக்குறுணிப் பிள்ளையாராக உட்கார்ந்திருக்கிறார் என்பதும் அதே வழக்கு. ஆக மேடு ஒரு இடத்தில், பள்ளம் ஒரு இடத்தில், பள்ளத்தில் கிடைத்தவர் மூன்றாவது இடத்தில். மூன்றும் ஒரே சோலி. இதைவிடப் பெரிய சேர்க்கை சித்திரைத் திருவிழா. மீனாட்சி கல்யாணம் ஒரு காலத்தில் மாசியில் நடந்தது. அழகர் சித்திரையில் தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒன்றாக்கியவர் திருமலை நாயக்கர் என்று சொல்வார்கள். ஒருமுறை வந்தால் சைவம், வைணவம் இரண்டும் ஆயிற்று. அதனால்தான் இன்றைக்கும் சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுகிறது. வீதிகளின் விஷயமும் அப்படித்தான்: மாசியில் புறப்பட்டு, ஆவணி மூலத்தைக் கடந்து, சித்திரையைத் தாண்டி, ஆடிக்குள் நுழைந்தால் கோயிலுக்குள் இருப்பீர்கள். வழியில் வளையல் கடையில் நிற்காவிட்டால் அரை மணி. மாதங்கள் வரிசை தப்பித்தான் வரும், ஆனாலும் நாலு மாதத்தை அரை மணியில் நடந்து கடக்க வேறு எந்த ஊரில் முடியும்?

இதற்கு வரும் ஆட்சேபங்களில் முதலாவது, அவசரமாகப் பார்ப்பது ஊருக்கு மரியாதை இல்லை என்பது. அழகர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கென்று அழகர்மலையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வருகிறார். வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறார். வைகைக்கு வந்ததும், தாலி கட்டி முடிந்துவிட்டது என்று தெரிகிறது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமலே திரும்பிவிடுகிறார். கதை அப்படித்தான் சொல்கிறது. கோயிலைக்கூடப் பார்க்காமல் போகிற அவரை லட்சக்கணக்கான ஜனம் கும்பிடுகிறது. அரை நாளாவது சுற்றுகிற நம்மை மட்டும் குறை சொன்னால் எப்படி? இரண்டாவது ஆட்சேபம், தங்கிப் பார்த்தால்தான் ஊர் புரியும் என்பது. நிரந்தரமாகத் தங்கியிருப்பவர்கள் மதுரைக்காரர்கள்தான். பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனதற்குப் பிறகு மஹாலுக்குள் எத்தனை தடவை போனீர்கள் என்று அவர்களில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிற இடத்தை எவனும் பார்ப்பதில்லை. ஐந்து மணிக்கு மஹாலைப் பூட்டிவிடுவார்கள், ஏழு மணிக்கு பஸ் என்கிறபோது கண் தானாக அகலத் திறக்கிறது.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு மட்டும் பாதி இறங்கி வருகிறேன். சிற்பத்தை ஓடிக்கொண்டே பார்க்க முடியாது என்கிறார்கள், உண்மை. அதற்காக 985 தூணையும் நின்று பார்க்க மூன்று நாள் போதுமா? போதாது. அப்படியானால் ஒரே ஒரு தூணை எடுத்துக்கொள்வதுதான் விவேகம். மஹாலில் உள்ள தூண் ஏதாவது ஒன்றின் அருகில் போய் நின்றால் போதும். கல் என்று நினைத்துக் கை வைத்தால் மேலே சுண்ணாம்புச் சுதை. தேய்த்த வழுவழுப்பு இன்னும் விரலில் படுகிறது. கட்டிப்பிடித்துப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு கையும் சேர்வதில்லை. கை எட்டும் உயரம் வரைக்கும் அம்பு துளைத்த இதயங்களும், ஆணியால் கீறிய பெயர்களும், சில இடங்களில் இனிஷியலும். அதற்கு மேலேதான் நாயக்கர் ஆரம்பிக்கிறார்.

உண்மையில் ஒரு நாள் பயணத்துக்கு எதிரி சரித்திரம் அல்ல, நடை சாத்துவது. பன்னிரண்டரைக்கு மீனாட்சி கோயில் கதவை மூடினால் மறுபடி திறக்க நாலு மணி. அந்த மூன்றரை மணி நேரத்தை ஒரு கறி தோசையும் ஒரு ஜிகர்தண்டாவும் எவ்வளவு இழுத்தாலும் நிரப்ப முடியாது. புது மண்டபத்துப் பக்கம் போய் நிற்கலாம். திருமலை நாயக்கர் காலத்திலிருந்து அது புதுசாகவே இருக்கிறது.

நடை சாத்துவதைப் பற்றி அதிகம் புலம்பவும் எங்களுக்கு வாய் இல்லை. எங்கள் கோயிலும் மத்தியானம் சாத்துகிற கோயில்தான். மதுரையிலிருந்து வருகிறவர்கள் அதற்குள் சங்கரநாராயணரைச் சேவித்து, கோமதியம்மனைக் கும்பிட்டு, நாகசுனையை எட்டிப் பார்த்து, புற்றுமண் வாங்கிக்கொண்டு, நேராகப் பிரியாணிக் கடைக்குப் போய்விடுகிறார்கள். பாளையக்காரர் பூலித்தேவர் மறைந்த இடம் என்று கோயிலுக்குள்ளேயே ஓர் அறை உண்டு. அந்தப் பக்கம் பலர் திரும்புவதில்லை. அவருடைய நெற்கட்டும்செவல் பக்கத்தில்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால், "அடுத்த தடவை பார்த்துக்கலாம் அண்ணாச்சி" என்று இலையை மடிக்கிறார்கள். நாங்களும் வற்புறுத்துவதில்லை. மதுரை பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கையைக் காட்டிவிடுகிறோம்.