தொப்பி போட்ட ஆசாமி

குரோமின் இன்காக்னிட்டோவுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஆசாமிதான் அடையாளம். பழைய படத்து சி.ஐ.டி. வேஷம், மறைப்பதென்னவோ முக்கியமாக வீட்டாரிடம்தான். பிள்ளையின் போனைப் பிடுங்கி ஹிஸ்டரியைத் துழாவும் அப்பாவுக்குக் கிரிக்கெட் ஸ்கோரும் பத்தாம் வகுப்பு மாதிரி வினாத்தாளும் மட்டுமே அகப்படும். "தங்கமான பையன்டி!" இறக்கிய ஃபைல் டவுன்லோட்ஸில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், அங்கே அவர் போவதில்லை. எந்தத் தளத்துக்குப் போனான் என்பதை நெட் கனெக்‌ஷன் கொடுத்த கம்பெனி கண்டுபிடித்துவிடலாம். கூகுளே கவனிக்கிறது என்று அமெரிக்காவில் 2020இல் வழக்குப் போட்டார்கள்; 2024இல் நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகளை அழிக்க அது சம்மதித்தது. இருந்ததால்தானே அழிக்க முடியும்!

அப்பாவும் சளைக்கவில்லை. பிள்ளைகளின் போனைக் கட்டுப்படுத்தும் ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போட்டு இன்காக்னிட்டோவுக்கே பூட்டுப் போட்டுவிட்டார். பையன் இப்போதெல்லாம் பாட்டியின் போனுக்கு அடிக்கடி "அப்டேட்" பண்ணிக் கொடுக்கிறான், மொட்டை மாடியில்.