தன்வினைப் பிரேக்கும் பிறவினைப் பிரேக்கும்: தாமிரபரணிப் படுகையை முன்வைத்து

தலைப்பில் 'முன்வைத்து' என்று இருப்பதால் இது ஆய்வுக் கட்டுரை என்பது வாசகருக்கு விளங்கியிருக்கும். 'முன்வைத்து' இல்லாமல் தமிழில் யாரும் முனைவர் ஆனதாக எனக்குத் தெரியவில்லை. எதற்கு முன்னால் எதை வைத்தோம், வைத்ததைத் திரும்ப எடுத்தோமா என்று வாய்மொழித் தேர்வில் கேட்பாரும் இல்லை. தேர்வாளருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். அதற்குள் அல்வா வாங்க வேண்டும்.

காரின் பிரேக் தேய்ந்துவிட்டால் நாமே மாற்றுவதா, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மாற்றுவதா என்பதே ஆய்வுச் சிக்கல். ஆய்வு எல்லை, பொதிகை மலை தொடங்கிப் புன்னக்காயல் வரை. கருதுகோள், ஆய்வு முடிந்தபின் எழுதப்படும்.

இயல் ஒன்று: ஒலி

1973-ல் திறந்த திருவள்ளுவர் ஈரடுக்குப் பாலத்தின் மேலடுக்கிலிருந்து டவுன் பக்கம் இறங்கும்போதுதான் முதன்முதலில் அந்த ஒலி கேட்டது. 'கிரீச்' என்று எழுதுகிறோம். தமிழில் வேறு எழுத்து வசதி இல்லை. முன்சக்கரத்தில் இருப்பது டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்வுவது பேட். பேடின் தேய்கிற பகுதி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும், அதன் ஓரத்தில் வைத்திருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும். கத்துவதற்கென்றே வைத்த தகடு அது. ஆய்வேட்டில் நெறியாளர் செய்ய வேண்டிய வேலை. அவர் செய்வதில்லை; தகடு செய்கிறது.

'பிரேக்கு' என்ற சொல்லின் வேரையும் இங்கேயே தோண்டிவிடலாம். மிதித்த உடனே நிற்காமல் பிறகு நிற்பதால் 'பிறகு' என்றிருந்தது, கப்பலேறிப் போய் 'பிரேக்கு' எனத் திரும்பியது. (வண்ணார்பேட்டை டீக்கடை, வாய்மொழி.) உலகத்துச் சொல்லையெல்லாம் இப்படியே ஊருக்கு அழைத்து வரும் அறிஞர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கண்ணில் இது எப்படித் தப்பியது என்று தெரியவில்லை.

இயல் இரண்டு: முன்னாய்வுகள்

இத்துறையின் மூல ஆசிரியை பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்ட் மாதம், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு அவர் காரிலேயே போனார். சுமார் 104 கிலோமீட்டர். நாம் தென்காசி போய்த் திரும்பும் தூரம். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தித் தானே எடுத்தார். மரக்கட்டைப் பிரேக் தேய்ந்தபோது மட்டும், வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தித் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். உலகின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்கிறார்கள். குழாய் தன் கையால், பிரேக் பிறர் கையால். நம் ஆய்வுச் சிக்கலுக்கு அந்த அம்மாள் 1888-லேயே விடை சொல்லிவிட்டார். விடை கிடைத்துவிட்டது என்பதற்காக ஆய்வை நிறுத்துவது நம் மரபு அல்ல.

உள்ளூர் முன்னாய்வாளர்களில் முதன்மையானவன் என் மச்சினன். "அத்தான், நாலு போல்டு. அரை மணி நேரச் சோலி. இதுக்குப் போயி ஒர்க்‌ஷாப்பா?" என்பது அவனது கோட்பாடு. (மச்சினன், இரண்டாம் காப்பிக்கு முன்.) இதை மறுத்து, "பிரேக்குல கை வைக்காதியவே" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி. (எதிர்வீடு, கம்பி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, பல் துலக்கியபடி, சில மெய்யெழுத்துகள் தெளிவில்லை.) இருவரும் பிரேக்கைப் பிரித்துப் பார்த்தவர்கள் அல்லர். மேற்கோள் காட்டும் நூலைப் பார்க்காமல், அதை மேற்கோள் காட்டியவரைப் பார்த்து எழுதும் நம் கல்விப்புலத்தில் இது ஒரு குறையாகாது.

இயல் மூன்று: இலக்கணம்

நாமே மாற்றினால் தன்வினை, பிறரை வைத்து மாற்றினால் பிறவினை என்று பாமரர் நினைக்கலாம். பள்ளிப் பாடத்தைத் திருப்பிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். 'திருந்து' தன்வினை, 'திருத்து' பிறவினை. அதன்படி 'மாறு' தன்வினை, 'மாற்று' பிறவினை. ஆக, வீட்டு முற்றத்தில் நாமே குனிந்து மாற்றினாலும் அது பிறவினைதான். தன்வினை ஆக வேண்டுமென்றால் பிரேக் தானாகவே மாறிக்கொள்ள வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் நடப்பது 'மாற்றுவித்தல்'. பிறவினைக்கு மேல் இன்னொரு பிறவினை. இதை 'ஈரடுக்குப் பிறவினை' எனப் பெயரிடுகிறேன். பாலத்தோடு பொருந்தி வந்தது தற்செயலே.

பேச்சுத்தமிழ் இந்த அடுக்குகளையெல்லாம் தட்டிச் சமமாக்கிவிடும். 'வீடு கட்டினேன்' என்று சொல்கிறவர் ஒரு செங்கலைத் தொட்டிருக்க மாட்டார். 1843-ல் தாமிரபரணியின் குறுக்கே பாலம் கட்டியவர் யார்? திருநெல்வேலிப் பள்ளிப்பிள்ளையும் சுலோச்சன முதலியார் என்று சொல்லும். வரைந்து கொடுத்தவர் காப்டன் ஹார்ஸ்லி. கல் சுமந்தவர்களின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. முதலியார் தன் சொத்தைக் கொடுத்தார். அந்தப் பாலத்தில் இன்றும் வண்டி ஓடுகிறது, ஆகவே 'கட்டினார்' என்பதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. இந்த இலக்கணப்படி ஒர்க்‌ஷாப்பில் பணம் கொடுத்துவிட்டு வந்து 'பிரேக் மாத்தினேன்' என்று சொல்ல எனக்கும் முழு உரிமை உண்டு.

இரண்டிலும் அடங்காத மூன்றாவது வினை ஒன்றும் உண்டு. காரைப் பட்டறையில் விட்டுவிட்டு, மெக்கானிக்கின் தலைக்கு மேலே குனிந்து செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "அது என்ன, அந்த ரப்பர்?" என்று கேட்டுக்கொண்டே நிற்பது. தொகுதிக்கு ஒருவராவது இப்படி நிற்பார். இதை எந்த இலக்கண நூலும் சொல்லவில்லை. 'கூடநின்றவினை' எனலாம். கூலி இரண்டு பங்காவது இதனால்தான். (ஒரு மெக்கானிக், பெயர் சொல்ல விரும்பாதவர், டார்ச் வெளிச்சத்தில் கண் கூசியபடி.)

இயல் நான்கு: செலவு

இது பொருளாதாரத் துறையின் சிக்கல்.

இயல் ஐந்து: முட்டுக்கட்டை

இந்த ஆய்வின் உயிர்நாடி இந்த இயல். இதற்காகத்தான் மற்ற இயல்களை எழுதினேன் என்றாலும் தவறில்லை.

ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் நான்கு ரத வீதிகளையும் சுற்றி வரும். 450 டன் என்பார்கள். இழுப்பதற்கு யானையோ பொக்லைனோ கிடையாது, மனிதர்தான். ஊரே வடத்தைப் பார்க்கும், புகைப்படக்காரரும் வடத்தைப் பார்ப்பார். 2024-ல் வடம் அறுந்தபோது நாடு முழுக்கச் செய்தி ஆனது. சக்கரத்துக்குப் பக்கத்தில், கையில் ஆப்பு வடிவக் கட்டையோடு, குனிந்தபடியே தேருடன் நகரும் சிலரை யாரும் பார்ப்பதில்லை. சற்று யோசித்துப் பார்க்கலாம். வடம் அறுந்தால் தேர் போகாது, அவ்வளவுதான். கட்டை இல்லாவிட்டால் தேர் நிற்காது.

தேர் நிற்க வேண்டிய இடத்தில் அவர்கள் கட்டையைச் சக்கரத்தின் வாய்க்கு நேரே கொடுப்பார்கள். சக்கரம் அதன் மேல் ஏறப் பார்க்கும். ஏற ஏறத் தன் பாரத்தாலேயே கட்டையைத் தரையோடு அழுத்தி, தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். வீதி முனையில் தேர் திரும்புவதும் இந்தக் கட்டைகளின் தயவில்தான். நம் சின்னக் கார்களில் பலவற்றுக்குப் பின்சக்கரத்தில் இருப்பது டிரம். அதற்குள் வளைந்த இரண்டு ஷூ. வண்டி முன்னோக்கி உருளும்போது அதில் ஒரு ஷூவை, சுழலும் டிரம்மே இழுத்துத் தன்மேல் இன்னும் இறுக்கிக்கொள்ளும். மிதித்தது கொஞ்சம், பிடித்தது அதிகம். கீழ ரத வீதியில் கட்டை செய்வதைத்தான் டிரம்முக்குள் ஷூ செய்கிறது. (கீழ ரத வீதி, அல்வாவுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் ஏழாவதாக நின்றவர், திரும்பிப் பார்க்காமல் சொன்னது, கால் கிலோ வாங்கியபின் அரைகுறையாக மறுத்தார்.)

தேருக்கும் காருக்கும் நடுவில் ஒரு கண்ணி அறுந்திருப்பதாக ஐயப்படுவோர், மேட்டில் நிற்கும் லாரியைப் பார்க்கவும். கிளீனர் முதலில் குதிப்பார், கையில் கட்டை இருக்கும். தேர், லாரி, கார் என்று பரிணாமம் முழுமை பெற்றுவிட்டது.

இத்தனை பெருமை வாய்ந்த சொல் இன்று என்ன பாடு படுகிறது? செய்தித்தாளைப் புரட்டினால் 'நலத்திட்டத்துக்கு முட்டுக்கட்டை', 'கூட்டணிக்கு முட்டுக்கட்டை'. முட்டுக்கட்டை போடுகிறவர் இருப்பதால்தான் தேர் யார் வீட்டுத் திண்ணையிலும் ஏறாமல் நிலைக்கு வருகிறது என்பதை அரசியல் நிருபர்கள் அறியவில்லை. (மேல ரத வீதி, மூன்றாம் வீட்டுத் திண்ணை, தூணில் சாய்ந்திருந்த பெரியவர், அவர் தன் பாட்டனார் சொல்லக் கேட்டது, பாட்டனார் யாரிடம் கேட்டார் என்று சொல்லுமுன் வெற்றிலை துப்ப எழுந்து போனவர் திரும்பவில்லை.)

எதிர்த்தரப்பு ஒரு சான்றைத் தூக்கிக்கொண்டு வரும். அதையும் மறைக்காமல் தருகிறேன். திருவாரூர் ஆழித்தேருக்கு இப்போது இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக். செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். தியாகராஜரே ஈரடுக்குப் பிறவினைக்கு மாறிவிட்டார், நீ யார் என்று கேட்பார்கள். ஹைட்ராலிக் வந்தபிறகும் அங்கே முட்டுக்கட்டை போடுவதை நிறுத்தவில்லை என்பதே என் மறுமொழி. (இதற்கான மேற்கோள், அதைச் சொன்னவரோடு தஞ்சாவூரில் இறங்கிவிட்டது.)

இயல் ஆறு: உயிர்ப் பாதுகாப்பு

அடுத்த இயலில் விரிவாகக் காண்க.

இயல் ஏழு: அகழாய்வு

இரும்புக்கு இந்த ஆற்றங்கரை புதிதல்ல. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. என் காரின் டிஸ்க்கும் வார்ப்பிரும்புதான். மழையில் ஓர் இரவு நின்றால் துரு பூக்கும், காலையில் நாலு மிதியில் உதிர்ந்துவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, ஆதிச்சநல்லூரை மனத்தில் நிறுத்தி, முன் இடது சக்கரத்தில் முதல் குழியைத் தொடங்கினோம்.

ஜாக்கி போடுமுன் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். முற்றத்தில் கட்டை இல்லாததால் அடுக்களையிலிருந்து அம்மிக் குழவி வந்தது. ஐந்தாம் இயல் எழுதியவன் என்ற முறையில் அதை நானே வைத்தேன். சக்கரம் கழன்றது. முதல் அடுக்கு, காய்ந்த சேறு. இரண்டாம் அடுக்கு, கறுத்த பிரேக் தூசி. இதை வாயால் ஊதக்கூடாது. மச்சினன் ஊதினான். மூன்றாம் அடுக்கில் காலிப்பர். கீழ் போல்டுக்குப் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரா பதினாலா என்பதில் இரு பள்ளிகளாகப் பிரிந்து அரை மணி வாதிட்டோம்; அதாவது கோட்பாடு சொன்ன மொத்த நேரமும் அதிலேயே போனது. 1876-ல் ஆதிச்சநல்லூரில் தோண்டிய ஜாகோர், எடுத்ததையெல்லாம் பெர்லினுக்கு அனுப்பினார். எங்கள் போல்டு ஒன்று வாய்க்காலுக்குப் போனது. 2004-ல் அங்கே மீண்டும் தோண்டியதன் முழு அறிக்கை வரப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இந்த ஆய்வின் அறிக்கையோ அதே நாள் மதியமே வீட்டுக்குள் கேட்கப்பட்டது.

காலிப்பரைக் கழற்றித் தொங்கவிட்டிருந்த வேளையில், 'வேலை செய்யுதா பாப்போம்' என்று மச்சினன் காருக்குள் ஏறிப் பெடலை மிதித்தான். பேட் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்தி நிற்கும். இல்லாதபோது நிற்க இடமில்லை. இரண்டாம் மிதியில் அது தன் வீட்டைவிட்டே வெளியே வந்தது, பின்னாலேயே பிரேக் ஆயில். அந்த ஆயில் பெயிண்டைத் தின்னும் என்பது பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரில் மெய்ப்பிக்கப்பட்டது. முற்றத்தில் சரிவு உண்டு, கீழே தெரு. அன்று காரை நிறுத்தி வைத்திருந்தது அம்மிக் குழவி ஒன்றுதான் என்பதை ஐந்தாம் இயலின் மறுப்பாளர்கள் குறித்துக்கொள்ளவும்.

மாலையில் மெக்கானிக் பைக்கில் வந்தார். பிஸ்டனைக் கையில் எடுத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"யாரு அண்ணாச்சி இதக் கழட்டுனது? பெடல மிதிச்சியளோ?"

தன்வினை, பிறவினை இரண்டும் கைவிட்ட அந்த நேரத்தில், நான் முறைப்படி ஆராயத் தவறியிருந்த செயப்பாட்டுவினை கைகொடுத்தது.

"கழற்றப்பட்டது. மிதிக்கப்பட்டும் விட்டது," என்றேன்.

அவர் புது ரப்பர் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளி, பேட் மாட்டி, இரண்டு முன்சக்கரத்தையும் முடித்தார். மச்சினனை உள்ளே உட்காரவைத்து 'மிதி, விடு' என்று சொல்லிச் சொல்லி ஏர் எடுத்தார். நான் டார்ச் பிடித்தேன். வண்டியை எடுக்குமுன் பெடல் கட்டியாகிறவரை பத்துத் தடவை மிதிக்கச் சொல்லிவிட்டுப் போனார். விளக்கு வைத்தபின் உள்ளே போனேன்.

"என்ன, மாத்தியாச்சா?" என்றாள் மனைவி.

"மாத்தியாச்சு." (இறந்தகாலம், உடன்பாடு, எழுவாய் இல்லை.)

"அப்ப எங் கொழவியக் கழுவி உள்ள கொண்டு வைங்க."