தடுத்தாட்கொண்ட பட்டன் புராணம்

சுந்தரரின் கல்யாணத்தை ஓர் ஓலையைக் காட்டி நிறுத்தினார் சிவபெருமான். இணையத்தில் கதையே வேறு. இங்கே ஓலையைத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் முற்பாதியில் பிரவுசர் ஒரு வெகுளி. சப்மிட்டை அழுத்தினால் போதும், ஃபார்மை வாரிச் சுருட்டிக்கொண்டு சர்வரைப் பார்த்து ஓடிவிடும். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் போன் நம்பர் இருக்கிறதா, பாதிக் கட்டம் காலியா, எதையும் பார்க்காது. 28.8 கிலோபிட் மோடத்தில் முக்கி முனகிப் போய்ச் சேர்ந்தால், சர்வர் சாவகாசமாகப் படித்துவிட்டு "பின்கோடு காணோம்" என்று ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி அனுப்பும். திரும்பிப் போய்ப் பார்த்தால், பல சமயம் அடித்தது அத்தனையும் அம்பேல். போதாக்குறைக்கு சப்மிட்டுக்குப் பக்கத்திலேயே ரீசெட் என்றொரு பட்டன். கை தவறிப் பட்டால் எல்லாம் காலி. அப்படி ஒரு வசதி வேண்டுமென்று யார் அழுதார்களோ!

1995 மே மாதம். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் 10 நாளில் ஒரு மொழியைச் செய்து முடித்தார். முதலில் மோக்கா, பிறகு லைவ்ஸ்கிரிப்ட். ஊரெல்லாம் ஜாவா பேச்சாக இருந்ததால், சொந்தபந்தம் ஏதுமில்லாமலே டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்று மூன்றாவது பெயர்சூட்டு விழா. பின்னாளில் உலகையே ஆளப்போகிற பிள்ளைக்கு ஆரம்பத்தில் கிடைத்த உத்தியோகங்களில் ஒன்று, ஃபார்ம் வாசலில் வாட்ச்மேன் வேலை. "மின்னஞ்சலில் அட் குறி எங்கே?" என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டி மிரட்டும். ஓகே சொல்லும்வரை நகரவிடாது.

அந்த வாட்ச்மேனுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. ஃபார்ம் கிளம்பும்போது செய்யவேண்டியதைச் சொல்லும் ஆன்சப்மிட்டில் "ரிடர்ன் செக்" என்று எழுதவேண்டும்; செக் என்பது சோதிக்கும் ஃபங்ஷன். ரிடர்னை விட்டுவிட்டு வெறும் "செக்" என்று எழுதினால், செக் தன் பாட்டுக்குத் தவறைக் கண்டுபிடிக்கும், பெட்டியைக் காட்டும், "ஃபால்ஸ்" என்று கத்தவும் கத்தும். கேட்க ஆளிருக்காது. ஃபார்ம் கிளம்பிவிடும்.

2000-ல் இணையத்துக்கு விதி எழுதும் பெரியவர்கள் கூடிப் பேசி, தடுப்பதற்கென்றே "பிரிவென்ட் டிஃபால்ட்" என்று ஒரு முறையை வகுத்தார்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டும் "எனக்கு ரிடர்ன்வேல்யூதான் புரியும்" என்று முரண்டு பிடித்து, 2011-ல் ஒன்பதாம் பதிப்பு வந்தபோதுதான் வழிக்கு வந்தது. அதுவரை ஒரே வேலைக்கு இரண்டு மொழியில் கெஞ்சினோம்.

ஆனால் அந்த எக்ஸ்ப்ளோரரைச் செய்த மைக்ரோசாஃப்ட்தான் பெரிய புண்ணியமும் கட்டிக்கொண்டது. அவுட்லுக்கை பிரவுசருக்குள் கொண்டுவர முயன்றவர்களுக்கு, பக்கத்தைக் கலைக்காமல் சர்வரோடு பேச வழி வேண்டியிருந்தது. எக்ஸ்ப்ளோரர் 5 வெளியாகும் தறுவாய். புதிய சரக்கைச் சேர்க்க நேரமில்லை. எக்ஸ்எம்எல் நூலகத்துக்குள் சத்தமில்லாமல் நுழைத்துவிட்டார்கள். 1999-ல் வெளிவந்த அந்தக் கருவிக்கு எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட் என்று வாயில் நுழையாத பெயர் வந்தது அப்படித்தான்; எக்ஸ்எம்எல்லுக்கும் அதற்கும் பெரிதாக ஒட்டுமில்லை உறவுமில்லை. 2004-ல் ஜிமெயில் இதை வைத்து வித்தை காட்டியது. 2005-ல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் "அஜாக்ஸ்" என்று பெயர் வைத்த பிறகே, ஆறு வயதுப் பிள்ளையை எல்லோரும் தூக்கிக் கொஞ்சினார்கள். அப்புறம் ஃபார்மைத் தடுத்து நிறுத்திவிட்டுத் தகவலை மட்டும் அனுப்ப ஜேகுவெரி, ஃபெட்ச் என்று வசதிக்குக் குறைவில்லை.

தடுப்பதுதான் இப்படியென்றால், அனுப்புவது அதைவிடக் கூத்து. நிரலிலிருந்து ஃபார்முக்கு "சப்மிட்" என்று கட்டளையிட்டால், வாட்ச்மேனை எழுப்பாமல் கொல்லைப்புறமாகப் போய்விடும். பட்டனுக்கு "சப்மிட்" என்றே பெயர் வைத்தீர்களோ, கட்டளையின் இடத்தில் பட்டன் வந்து உட்கார்ந்துகொள்ளும். "சப்மிட் ஒரு ஃபங்ஷனே அல்ல" என்று பிரவுசர் சாதிக்கும். பட்டனுக்கு வேறு என்னதான் பெயர் வைப்பது?

2019-ல் குரோமுக்கு "ரிக்வெஸ்ட்சப்மிட்" வந்தது. பட்டனை அழுத்தினால் நடப்பதை அப்படியே செய்யும். வாட்ச்மேனுக்கும் வணக்கம் வைத்துவிட்டுத்தான் போகும். பட்டனுக்கு "ரிக்வெஸ்ட்சப்மிட்" என்று பெயர் வைத்தால் அதுவும் படுத்துவிடும். எவராவது வைத்திருப்பார்.